வளைந்த டிரைவ் ஷாஃப்டை ஸ்கேனரில் அளக்கலாம்!

கம்ப்யூட்டருடன் ஆல்-இன்-ஒன் பிரிண்டரும் வாங்கியிருக்கிறீர்களா? அதில் உள்ள ஸ்கேனரை எதற்கெல்லாம் பயன்படுத்தினீர்கள்? மார்க் ஷீட், ஆதார் அட்டை, பழைய கல்யாண போட்டோ... பெரும்பாலான வீடுகளில் இத்துடன் முடிந்துவிடும். ஆனால் அந்தக் கண்ணாடிக்குக் கீழே, அரை மில்லி மீட்டருக்கும் குறைவான வளைவைக் காட்டிக் கொடுக்கும் ஒரு நல்ல அளவுக் கருவி சும்மா படுத்திருக்கிறது.

இந்த மாதம் அதற்கு ஒரு வேலை கொடுக்கப் போகிறோம். பிள்ளைகளின் ரிமோட் கார் "கடகட"வென்று ஆடிக்கொண்டு ஓடுகிறதா? டிரைவ் ஷாஃப்ட் வளைந்திருக்கலாம். அதைக் கழற்றி, ஸ்கேன் செய்து, எவ்வளவு வளைந்திருக்கிறது, ஏன் வளைந்தது, நிமிர்த்தலாமா, மாற்ற வேண்டுமா என்று முடிவு செய்வோம். தேவையானவை கம்ப்யூட்டர், ஸ்கேனர், பெயின்ட் புரோகிராம், எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க். அவ்வளவுதான்.

டிரைவ் ஷாஃப்ட் என்றால் என்ன?

மோட்டாரின் சுழற்சி கியர்கள் வழியாக டிஃபரன்ஷியலுக்கு வருகிறது. அங்கிருந்து சக்கரத்துக்கு அதைக் கொண்டு போகும் கம்பிதான் டிரைவ் ஷாஃப்ட். பல கார்களில் இதன் இரண்டு முனைகளிலும் குறுக்கே ஒரு பின் இருக்கும். நாய்க்குப் போடும் எலும்புத் துண்டு போலத் தெரிவதால் இதை 'டாக்போன்' என்பார்கள். அந்தப் பின் ஒரு கிண்ணத்தின் வெட்டுக்குள் உட்கார்ந்து சுழலும். சக்கரம் மேலும் கீழும் ஆடும்போது ஷாஃப்ட் சாய வேண்டும், கிண்ணத்துக்குள் சற்று முன்னும் பின்னும் நகரவும் வேண்டும். இந்த நகர்வு மிக முக்கியம், பிறகு இதற்குத் திரும்ப வருவோம்.

நான்கு சக்கரமும் இழுக்கும் கார்களில், முன் டிஃபரன்ஷியலையும் பின் டிஃபரன்ஷியலையும் இணைக்க நடுவில் நீளமான இன்னொரு ஷாஃப்டும் இருக்கும். சக்கரத்தைவிட இது பல மடங்கு வேகமாகச் சுழலும்.

ஷாஃப்டும் ஒரு ஃப்யூஸ்தான்

வீட்டில் மின்சாரம் எகிறினால் ஃப்யூஸ் போகும், கம்ப்யூட்டர் பிழைக்கும். ஃப்யூஸ் போகிறதே என்று அந்த இடத்தில் தடித்த செப்புக் கம்பியைக் கட்டினால் என்ன ஆகும்? அடுத்த முறை ஃப்யூஸ் போகாது, கம்ப்யூட்டர் போகும்.

நெய்வேலிக்காரர்களுக்கு இதை இன்னும் எளிதாகச் சொல்லலாம். நான் டவுன்ஷிப்பில் வளர்ந்து, இன்ஜினீயரிங் படித்து, சாஃப்ட்வேருக்குப் போனவன். எங்கள் ஊரில் சுழலும் இயந்திரம் என்றாலே சுரங்கம்தான். 1956ல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் தொடங்கப்பட்டது. 1961ல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. 2016ல் நிறுவனத்தின் பெயர் என்.எல்.சி. இந்தியா என்று மாறியது. நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணை பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர் என்னும் ராட்சத இயந்திரங்கள் வெட்டி எடுக்க, கன்வேயர் பெல்ட் அதைச் சுமந்து போகிறது. அந்த மண்ணில் கடலூர் மணற்கல் என்னும் கடினமான பாறையும் உண்டு. பக்கெட்டின் பற்களையே தேய்த்துவிடும் பாறை அது.

இப்படி ஒரு இடத்தில் சக்கரம் திடீரென்று சிக்கிக்கொண்டால், மோட்டாரின் முழுச் சக்தியும் எங்காவது போய்த்தானே ஆக வேண்டும்? அதனால்தான் பெரிய கன்வேயர்களில் மோட்டாருக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே 'ஃப்ளூயிட் கப்ளிங்' வைப்பது வழக்கம். எண்ணெய் மூலம் சக்தியைக் கடத்தும் இணைப்பு இது. சுமை எல்லை மீறினால் எண்ணெய் வழுக்கிக்கொடுக்கும், ஷாஃப்டும் கியரும் தப்பிக்கும்.

நல்ல ரிமோட் கார்களில் இதே வேலையை 'ஸ்லிப்பர் கிளட்ச்' செய்கிறது. பல கார்களில் அது இருக்காது. அப்போது ஷாஃப்டே ஃப்யூஸாகிறது. சில கம்பெனிகள் தெரிந்தேதான் பிளாஸ்டிக் ஷாஃப்டைப் போடுகின்றன. அது உடைந்தால் ஷாஃப்டோடு செலவு முடியும். அந்த இடத்தில் பலமான ஸ்டீல் ஷாஃப்டைப் போட்டுவிட்டால் அடுத்த அடி நேராக டிஃபரன்ஷியல் கியருக்குப் போய்ச் சேரும்.

ஆகவே இந்தப் பாடத்தில் நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான். வளைந்த ஷாஃப்ட் ஒரு தகவல். அதைப் படிக்காமல் புது ஷாஃப்ட் போட்டால் அதுவும் வளையும்.

முதலில் கழற்றுவோம்

1. ரிமோட்டை ஆஃப் செய்வதற்கு முன், காரில் இருக்கும் பேட்டரியின் இணைப்பைப் பிடுங்கிவிடுங்கள். ரிமோட்டை முதலில் ஆஃப் செய்தால் சில கார்கள் தாமாகவே ஓட ஆரம்பிக்கும். விரல் சக்கரத்தில் இருக்கும்போது இது விளையாட்டல்ல.

2. சக்கரத்தின் நட்டைக் கழற்றுங்கள். 1/10 அளவுள்ள பல கார்களில் இதற்கு 7 மி.மீ. ஸ்பேனர் பொருந்தும்.

3. சக்கரத்துக்குப் பின்னால் அறுகோண வடிவில் ஒரு துண்டு இருக்கும். அதற்குள் ஒரு சிறிய பின் இருக்கும். தரையில் விழுந்தால் கிடைக்கவே கிடைக்காது. கீழே ஒரு வெள்ளைத் துணியை விரித்துக்கொண்டு கழற்றுங்கள்.

4. சக்கரத்தைத் தாங்கும் பகுதியின் மேல் ஸ்க்ரூவை மட்டும் எடுத்தால் பெரும்பாலும் போதும். அந்தப் பகுதியை வெளிப்பக்கமாகச் சாய்த்ததும் ஷாஃப்ட் கிண்ணத்திலிருந்து வெளியே வரும்.

5. ஒவ்வொரு கட்டத்திலும் மொபைலில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். திரும்பப் பூட்டும்போது அதுதான் உங்கள் மேனுவல்.

கழற்றிய ஷாஃப்டை மண்ணெண்ணெய் அல்லது ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே ஸ்கேனருக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஸ்கேனரில் அளப்பது எப்படி?

கண்ணாடியில் கீறல் விழாமல் இருக்க, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஷீட் ஒன்றை முதலில் விரியுங்கள். ஷாஃப்டின் முனையில் பின்கள் இருப்பதால் அது ஆடும். பிள்ளைகள் விளையாடும் வண்ணக் களிமண்ணில் கடலை அளவு இரண்டு உருண்டை செய்து, இரண்டு முனைகளுக்கும் அடியில் வைத்தால் அசையாமல் நிற்கும். மேலே ஒரு வெள்ளைத் தாளை வைத்து மூடியை மெதுவாகச் சாத்துங்கள். அழுத்த வேண்டாம்.

இப்போது ஸ்கேன் புரோகிராமைத் திறந்து ரெசல்யூஷன் 600 டிபிஐ என்று தேர்ந்தெடுங்கள். கலர் வேண்டாம், கிரேஸ்கேல் போதும். பிரிவியூ பார்த்து, ஷாஃப்ட் இருக்கும் இடத்தை மட்டும் கட்டம் கட்டி ஸ்கேன் செய்யுங்கள். முழு ஏ4 அளவை 600 டிபிஐயில் கலரில் எடுத்தால் சுருக்காத நிலையில் படம் சுமார் 100 எம்பி வரும், கம்ப்யூட்டர் திணறும். சேமிக்கும்போது ஜேபெக் வேண்டாம், பிஎன்ஜி வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். ஜேபெக் படத்தில் ஓரங்கள் மங்கிவிடும்.

600 டிபிஐ என்றால் ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள். ஓர் அங்குலம் 25.4 மி.மீ. எனவே ஒரு புள்ளி 25.4 ÷ 600 = 0.042 மி.மீ. சாதாரண ஏ4 தாளின் தடிமனே சுமார் 0.1 மி.மீ.தான். அதில் பாதியைக்கூட உங்கள் ஸ்கேனரால் பார்க்க முடிகிறது!

ஷாஃப்டுக்கு முன் ஒரு ஸ்டீல் ஸ்கேலை ஸ்கேன் செய்து பாருங்கள். அதன் ஓரம் படத்திலும் நேராகத் தெரிந்தால் உங்கள் ஸ்கேனரை நம்பலாம். மெல்லிய சிஐஎஸ் வகை ஸ்கேனர்களில், கண்ணாடியைத் தொடாத பொருள் சற்று மங்கலாக வரும். பரவாயில்லை. மங்கலின் நடுப்பகுதியை ஓரமாக எடுத்துக்கொண்டு, எல்லாப் புள்ளிகளிலும் அதே முறையைப் பின்பற்றுங்கள்.

இனி பெயின்ட்டில் படத்தைத் திறந்து பெரிதாக்குங்கள். மவுஸை எங்கே வைக்கிறீர்களோ, அந்த இடத்தின் இரண்டு எண்கள் திரையின் கீழ் வரியில் தெரியும். முதல் எண் இடமிருந்து வலம், இரண்டாவது எண் மேலிருந்து கீழ். ஷாஃப்ட் படத்தில் கிடைமட்டமாக இருக்கட்டும். அதன் மேல் ஓரத்தில் மூன்று இடங்களில் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: இடது முனைக்கு அருகே, வலது முனைக்கு அருகே, இரண்டுக்கும் மிகச் சரியாக நடுவே.

ஓர் உதாரணம் பார்ப்போம். இடது 100, 812. வலது 1612, 814. நடு 856, 826. இரண்டாவது எண்களை மட்டும் எடுத்து எக்ஸெலில் ஏதாவது ஒரு கட்டத்தில் இப்படி டைப் செய்யுங்கள்:

=(826-(812+814)/2)*25.4/600

என்டர் தட்டினால் 0.55 என்று வரும். ஷாஃப்டின் நடுப்பகுதி 0.55 மி.மீ. விலகியிருக்கிறது. ஷாஃப்டைக் கண்ணாடியில் சற்றே சாய்வாக வைத்திருந்தாலும் இந்தக் கணக்கு அதைச் சரிசெய்துகொள்ளும். விடை மைனஸில் வந்தால், வளைவு எதிர்ப் பக்கம் என்று அர்த்தம்.

ஆனால் வேலை முடியவில்லை. வளைவு ஸ்கேனரை நோக்கியோ மூடியை நோக்கியோ இருந்தால் படத்தில் தெரியாது. ஆகவே ஷாஃப்டை 90 டிகிரி உருட்டி, இன்னொரு முறை ஸ்கேன் செய்யுங்கள். இரண்டாவது முறை 0.21 வந்தது என்றால் மொத்த வளைவு:

=(0.55^2+0.21^2)^0.5

விடை 0.59 மி.மீ. பத்தாம் வகுப்பில் படித்த பிதாகரஸ் தேற்றம்தான்!

இந்த வளைவு பெரிதா?

நடுவில் ஓடும் நீளமான ஷாஃப்டை எடுத்துக்கொள்வோம். எடை 10 கிராம், நிமிடத்துக்கு 9,800 சுற்று, எடை மையம் அரை மி.மீ. விலகியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது பேரிங்கை வெளியே இழுக்கும் விசை:

=0.01*0.0005*(9800*2*3.14/60)^2

விடை சுமார் 5.3 நியூட்டன். அதாவது அரைக் கிலோவுக்கும் சற்று அதிகமான எடை, ஒரு சுற்றில் எல்லாத் திசையிலும் மாறி மாறி பேரிங்கைப் பிடித்து இழுப்பதற்குச் சமம். பத்து கிராம் கம்பி செய்யும் வேலை இது! வேகம் இரு மடங்கானால் இந்த விசை நான்கு மடங்காகும். மெதுவாக ஓடும்போது தெரியாத ஆட்டம் முழு வேகத்தில் காரையே உலுக்குவது இதனால்தான்.

நான் வைத்துக்கொள்ளும் வரம்பு இது: 0.1 மி.மீ. வரை கவலை வேண்டாம். 0.1 முதல் 0.3 வரை சக்கரத்தருகே உள்ள ஷாஃப்டில் பொறுத்துக்கொள்ளலாம், நடு ஷாஃப்டில் கூடாது. 0.3க்கு மேல் போனால் எங்கே இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான்.

வளைவு சொல்லும் கதை

எண் கிடைத்துவிட்டது. இனி படத்தைக் கவனமாகப் பாருங்கள். எங்கே, எப்படி வளைந்திருக்கிறது?

நடுவில் வில் போல வளைந்திருந்தால்: ஷாஃப்ட் நீளவாக்கில் நசுக்கப்பட்டிருக்கிறது. கிண்ணத்துக்குள் நகர இடமில்லை. நீளம் கூடிய ஷாஃப்டைப் போட்டிருக்கலாம், அல்லது கிண்ணத்தின் அடியில் மண் இறுகிக் கிடக்கலாம். அடியில் கல் தட்டினாலும் இப்படி ஆகும், ஆனால் அந்த இடத்தில் தழும்பு இருக்கும்.

சக்கரப் பக்கத்து முனையில் மட்டும் வளைந்திருந்தால்: சக்கரம் பக்கவாட்டில் எதிலோ மோதியிருக்கிறது. ஷாஃப்டை மட்டும் மாற்றினால் போதாது. சக்கரத்தைத் தாங்கும் ஆக்ஸில், அருகே உள்ள கீல் கம்பி, பேரிங் மூன்றையும் சோதிக்க வேண்டும். கீல் கம்பியையும் ஸ்கேனரில் வைத்துப் பார்க்கலாம்.

இரு முனைப் பின்களும் ஒரே தளத்தில் இல்லாவிட்டால்: ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டிருக்கிறது. நல்ல நிலையில் உள்ள இன்னொரு ஷாஃப்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் உடனே தெரியும். இது சக்தி அதிகமானதன் அடையாளம். ஸ்லிப்பர் கிளட்ச் அளவுக்கு மேல் இறுக்கப்பட்டிருக்கலாம். அல்லது கார் குதிக்கும்போது ஆக்ஸிலரேட்டரை விடாமல் பிடித்திருப்பார்கள். அந்தரத்தில் வெறித்தனமாகச் சுற்றும் சக்கரம் தரையைத் தொட்ட நொடியில் நிற்க முயலும். அந்த அதிர்ச்சி முழுவதும் ஷாஃப்டில்தான் இறங்கும்.

சமீபத்தில் பேட்டரி மாற்றினீர்களா என்றும் கேட்டுப் பாருங்கள். 7.4 வோல்ட் லித்தியம் பேட்டரிக்குப் பதில் 11.1 வோல்ட் போட்டால், வேகம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. மோதலில் அடங்கும் ஆற்றலோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எக்ஸெலில் =(11.1/7.4)^2 என்று போட்டால் 2.25 வரும். இரண்டேகால் மடங்கு அடியை அதே ஷாஃப்ட் தாங்க வேண்டும்!

பின்கள் தேய்ந்து தட்டையாகியிருந்தால்: வயதும் மணலும்தான் காரணம். நம் பக்கத்துச் செம்மண்ணில் உள்ள மணல் துகள் கிரீஸுடன் சேர்ந்தால் உப்புத்தாள் மாதிரி அறுக்கும். கிண்ணத்தின் வெட்டும் தேய்ந்திருக்கும், இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

நிமிர்த்தலாமா?

சில ஷாஃப்டுகளை நிமிர்த்தலாம். ஆனால் அது அவசரத்துக்குச் செய்யும் வேலை.

சாதாரண ஸ்டீல் கம்பியாக, லேசான வளைவாக இருந்தால், இரண்டு மரத்துண்டுகளின் மேல் வைத்து, வளைவின் மேடு மேலே இருக்கும்படி திருப்பி, மேலே இன்னொரு மரத்துண்டு வைத்து, வைஸில் மெதுவாக அழுத்துங்கள். கம்பி சற்றுத் திரும்பி எழும் என்பதால், நேர்க்கோட்டைக் கொஞ்சம் தாண்டி அழுத்த வேண்டும். பிறகு மறுபடி ஸ்கேன், மறுபடி கணக்கு. சுத்தியலால் இரும்பின் மேல் வைத்து அடிக்காதீர்கள்.

காஸ் அடுப்பில் காட்டிச் சூடாக்குவது கூடவே கூடாது. பதப்படுத்திய ஸ்டீலின் கடினம் சூட்டில் இறங்கிவிடும். நேராகிவிட்டதே என்று மகிழ்வீர்கள், முதல் ஓட்டத்திலேயே திரும்ப வளையும்.

பதப்படுத்திய ஸ்டீலும் அலுமினியமும் நிமிர்த்தும்போது கண்ணுக்குத் தெரியாத விரிசல் விடலாம். பிளாஸ்டிக் ஷாஃப்ட் வெந்நீரில் நேராகும், ஆனால் பழைய பலம் வராது. இவற்றை மாற்றிவிடுவதே மேல்.

புது ஷாஃப்ட் வாங்கும்போது

காரின் மாடல் எண்ணுடன் 'மேனுவல்' என்று சேர்த்துத் தேடினால் பெரும்பாலும் பிடிஎஃப் ஃபைல் கிடைக்கும். அதில் பாகங்களைப் பிரித்துக் காட்டும் படம் இருக்கும். கன்ட்ரோல் கீயுடன் எஃப் அழுத்தித் தேடி, ஷாஃப்டின் பாக எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜப்பானின் டாமியா, அமெரிக்காவின் டிராக்சஸ் போன்ற கம்பெனிகள் ஒவ்வொரு பாகத்துக்கும் எண் கொடுக்கின்றன. படத்தைப் பார்த்து வாங்குவதைவிட எண்ணைப் பார்த்து வாங்குவதே பாதுகாப்பு.

எண் கிடைக்கவில்லையா? ஸ்கேன் படம் இருக்கிறதே! ஒரு பின்னின் மையத்திலிருந்து மறு பின்னின் மையம் வரை உள்ள நீளம், கம்பியின் விட்டம், பின்னின் விட்டம் மூன்றையும் அதே முறையில் கணக்கிடுங்கள். முடிந்தால் காரின் மறுபக்கத்தில் உள்ள நேரான ஷாஃப்டை அளந்துகொள்ளுங்கள்.

லேத் பட்டறையில் செய்து வாங்குவதென்றால், இந்த அளவுகளை எழுதிய படத்தை பிரிண்ட் எடுத்துக் கொடுங்கள். பிரிண்ட் கொடுக்கும்போது 'ஃபிட் டு பேஜ்' தேர்வை எடுத்துவிட்டு, 100 சதவீதம் என்று வையுங்கள். இல்லாவிட்டால் படம் சுருங்கியோ விரிந்தோ வரும். உலோகம் எது என்று கேட்டால் சில்வர் ஸ்டீல் அல்லது இஎன்24 என்று சொல்லலாம்.

இன்னும் தடியாகச் செய்யலாமே என்று தோன்றும். 3 மி.மீ. கம்பிக்குப் பதில் 4 மி.மீ. என்றால் முறுக்கைத் தாங்கும் பலம் =(4/3)^3, அதாவது 2.37 மடங்கு. ஒரு மில்லி மீட்டரில் இவ்வளவு வித்தியாசம்! ஆனால் ஃப்யூஸ் கதையை மறக்காதீர்கள். ஷாஃப்ட் வளையாவிட்டால் அடுத்து எது உடையும், அதன் விலை என்ன என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். ஸ்லிப்பர் கிளட்ச் இல்லாத காரில் பழைய அளவே போதும்.

பூட்டிய பின் இதைச் செய்யுங்கள்

புது ஷாஃப்டைப் பூட்டியதும், பேட்டரி இணைக்காமலேயே, சக்கரத்தை முழுவதும் மேலே தள்ளுங்கள், பிறகு முழுவதும் கீழே விடுங்கள். இரண்டு நிலையிலும் ஷாஃப்டை விரலால் பிடித்து உள்ளே வெளியே ஆட்டினால் அரை முதல் ஒரு மி.மீ. வரை அசைய வேண்டும். அசையவே இல்லையென்றால் நீளம் அதிகம், மீண்டும் நடுவில் வளையும். கிண்ணத்தை விட்டு வெளியே வந்தால் நீளம் குறைவு. கிண்ணத்தில் துளி கிரீஸ் போதும்.

ஸ்லிப்பர் கிளட்ச் இருந்தால் அதன் இறுக்கத்தை மேனுவலில் சொன்னபடி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு காரை ஒரு டப்பாவின் மேல் தூக்கி வைத்து, விரல்களை விலக்கி, மெதுவாகச் சுழல விட்டு மொபைலில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுங்கள். ஆட்டம் இல்லையென்றால் வேலை முடிந்தது.

கடைசியாக ஒன்று. எக்ஸெலில் செய்த கணக்கை மூடிவிடாதீர்கள். தேதி, எந்தச் சக்கரம், வளைவு எவ்வளவு, எந்த இடத்தில், என்ன காரணம் என்று ஐந்து பத்திகள் போட்டு ஒரு ஃபைலாகச் சேமியுங்கள். நான்கைந்து வரிகள் சேர்ந்ததும் பாருங்கள். வலது பின் சக்கரமே திரும்பத் திரும்ப வருகிறதா? தேட வேண்டிய இடம் ஷாஃப்ட் அல்ல, அந்த மூலைதான்.